ஒரு வென்டிலேட்டருக்கு ஒரு செவிலியர்: மருத்துவமனை நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகளை நடத்தும் மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

நான் 14 ஆண்டுகளாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் மட்டுமே பணியாற்றி வரும் செவிலியர். தென்மாவட்டங்களில் இதுவரை மூன்று மருத்துவமனைகளில் வேலை பார்த்திருக்கிறேன். அவற்றின் பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. நான் சொல்லவிருக்கும் நிலைமை அந்த மூன்றுக்கும் பொதுவானது, என்னோடு படித்தவர்கள் வேலை பார்க்கும் வேறு பல இடங்களுக்கும் பொதுவானது. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அடுத்த மாதத்துக்கான பணிப் பட்டியல் இன்சார்ஜ் சிஸ்டரின் மேசையிலிருந்து உங்கள் மேசைக்குக் கையெழுத்துக்காக வருகிறது. அந்தத் தாளில் இரவுப் பணிக்கென இருக்கும் கட்டத்தைப் பற்றி, தீவிர சிகிச்சையில் ஒரு செவிலியருக்கு மூன்று நோயாளிகள் என்று அது போடும் கணக்கைப் பற்றியே இந்த மடலை எழுதுகிறேன்.

இரவு 7.30 மணிக்குப் பகல் பணியில் இருந்தவரோடு ஒவ்வொரு படுக்கையாக நின்று பொறுப்பை வாங்குகிறோம். சுவாசக் குழாய் உதட்டருகே எத்தனையாவது சென்டிமீட்டர் குறியில் கட்டப்பட்டிருக்கிறது, மருந்தைச் சீராகச் செலுத்தும் சிரிஞ்ச் பம்ப்பில், இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் நார்அட்ரினலின் மணிக்கு எத்தனை மில்லிலிட்டர் ஓடுகிறது, சிரிஞ்சில் இன்னும் எவ்வளவு மிச்சம், கடந்த ஒரு மணி நேரத்தில் சிறுநீர் எவ்வளவு இறங்கியது, முதுகின் அடியிலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா, கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பை தலைமாட்டில் தொங்குகிறதா, தொண்டைக்குள் பார்த்துக் குழாய் போட அவசர வண்டியில் இருக்கும் லாரிங்கோஸ்கோப்பின் விளக்கு எரிகிறதா என்று இத்தனையையும் பார்த்து முடிக்க ஒரு நோயாளிக்குப் பத்து நிமிடமாவது ஆகும். மூன்று நோயாளிகள் ஒரே செவிலியருக்கு என்றால் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்துக்குப் பணிப் பட்டியலில் இடமே இல்லை. பகல் பணி 7.30-க்கு முடிகிறது, இரவுப் பணி 7.30-க்குத் தொடங்குகிறது; நடுவில் இருப்பதை, தன் ஊருக்குப் போகும் கடைசிப் பேருந்தை நினைத்துக்கொண்டு நிற்கும் பகல் பணிச் செவிலியர் தன் சொந்த நேரத்திலிருந்து தருகிறார். அவர் அவசரத்தில் சொல்ல மறந்த ஒரு சொல்லை நாங்கள் நள்ளிரவில் நோயாளியின் உடலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

பொறுப்பு வாங்கியதும் இரவு தொடங்குகிறது. வென்டிலேட்டரில் இருப்பவரின் தலைமாடு 30 முதல் 45 பாகை வரை உயர்ந்திருக்க வேண்டும்; வாயைச் சுத்தம் செய்ய வேண்டும்; சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும்; மயக்க மருந்தில் பாதி திறந்தே கிடக்கும் கண்களுக்குக் களிம்பிட்டு மூட வேண்டும்; மூக்கு வழியாகச் செல்லும் குழாயில் உணவு கொடுக்க வேண்டும்; இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். நினைவில்லாதவரிடமும், “ஐயா, இப்போ இடது பக்கமாத் திருப்பப் போறோம்” என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவோம். அவருக்குக் கேட்கிறதா என்பது எங்களுக்குத் தெரியாது. கேட்கும் என்றே வைத்துக்கொள்கிறோம். 80 கிலோ எடையுள்ள ஒருவரைக் குழாய்கள் எதுவும் இழுபடாமல் திருப்புவதற்கு இரண்டு பேர் போதாது. அடுத்த படுக்கையருகே நிற்கும் செவிலியரை உதவிக்கு அழைக்கும் ஒவ்வொரு முறையும், அவருடைய மூன்று நோயாளிகளையும் சில நிமிடங்களுக்கு ஆள் இல்லாமல் விட்டுவிட்டு வரச் சொல்கிறோம் என்பதை அறிந்தேதான் அழைக்கிறோம். இவ்வளவையும் மணிக்கு மணி தாளில் எழுத வேண்டும். வென்டிலேட்டரில் இருக்கும் ஒருவருக்கு உரியதை ஒழுங்காகச் செய்தால் ஒரு மணி நேரத்தில் 30 நிமிடத்துக்கு மேல் அவர் பக்கத்திலேயே கழிந்துவிடும் என்பது என் அனுபவக் கணக்கு. மூன்று பேருக்கு அந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படியும் வேலை முடிகிறது என்றால், எதையோ விட்டுவிட்டு முடிக்கிறோம் என்று பொருள். பெரும்பாலும் விடுபடுவது, செய்யாமல் விட்டால் அன்றே தெரியாத வேலைகள்தான்: வாய்ச் சுத்தம், பக்கம் மாற்றுதல், ஒரு நிமிடம் நின்று நோயாளியின் முகத்தைப் பார்ப்பது.

அந்த ஒரு நிமிடத்தின் மதிப்பைச் சொல்ல ஒரு இரவை நினைவுகூர்கிறேன். எங்கள் பகுதியில் பூச்சிமருந்து குடித்துவிட்டு வருகிறவர்கள் இல்லாத தீவிர சிகிச்சைப் பிரிவு கிடையாது. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தைக் குடித்தவர்கள் வாயிலும் மூச்சுக்குழாயிலும் நீர் ஊற்றெடுக்க, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்க, இதயத் துடிப்பு இறங்கிக்கொண்டிருக்க வந்து சேர்வார்கள். அவர்களுக்கு முறிவாகக் கொடுக்கும் அட்ரோபின் குறைந்தால் நுரையீரலில் நீர் நிறையும். கூடினால் காய்ச்சலும் பிதற்றலும் வரும். இரண்டுக்கும் நடுவே நிறுத்த, நெஞ்சின் ஒலியையும் துடிப்பையும் வியர்வையையும் கண்மணியையும் ஓயாமல் பார்த்து மருத்துவருக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதையும் கடந்து ஆள் தேறிவிட்டார் என்று வீட்டார் மூச்சு விடும் நேரத்தில் இன்னொரு ஆபத்து காத்திருக்கிறது. பூச்சிமருந்து குடித்த 24 மணி நேரத்திலிருந்து 96 மணி நேரத்துக்குள் சிலருக்குக் கழுத்துத் தசைகளும், அவற்றைத் தொடர்ந்து மூச்சுத் தசைகளும் தளர்ந்துபோகும். அதன் முதல் அடையாளம் மானிட்டரில் வராது. தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொன்னால் அவரால் தூக்க முடியாது. ஆரம்பத்தில் தெரிவது அவ்வளவுதான்.

நடுத்தர வயது விவசாயி ஒருவர் மூன்றாம் நாள் இரவு என் பொறுப்பில் இருந்தார். அன்று இரண்டு படுக்கைகள் காலியாக இருந்ததால் எனக்கு இரண்டே நோயாளிகள். இரவு 11 மணிக்கு, “அண்ணாச்சி, தலையைக் கொஞ்சம் தூக்குங்க” என்றேன், தூக்கினார். அதிகாலை 3 மணிக்கு அதே சொல்லைச் சொன்னபோது அவர் என்னைப் பார்த்தார், முயன்றார், தலை அசையவில்லை. மானிட்டரில் ஆக்சிஜன் அளவு 97 என்று காட்டிக்கொண்டிருந்தது. பணி மருத்துவரை எழுப்பினேன். அவர் வந்து பார்த்து, மூச்சு ஆழம் குறைந்திருப்பதை உறுதி செய்து, பதற்றமில்லாமல் குழாய் போட்டு வென்டிலேட்டரில் இணைத்தார். பன்னிரண்டு நாள் கழித்து அந்த அண்ணாச்சி நடந்து வீட்டுக்குப் போனார். அன்று எனக்கு மூன்றாவதாக ஒரு நோயாளி இருந்திருந்தால் 3 மணிக்கு நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பேனா என்று பல முறை யோசித்திருக்கிறேன். கேட்டிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

மற்றொரு இரவில் எனக்கு மூன்று பேர் இருந்தார்கள், மூவரும் வென்டிலேட்டரில். கடும் நோய்த்தொற்றில் இருந்த மூதாட்டிக்கு நார்அட்ரினலின் சிரிஞ்ச் தீரும் நேரம். அந்த மருந்து சில நொடிகள் தடைபட்டாலும் இரத்த அழுத்தம் சரியத் தொடங்கும் என்பதால், புதிய சிரிஞ்சை முன்பே நிரப்பி, இரண்டாவது பம்ப்பில் ஓடவிட்டு, அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே பழையதை மெல்ல நிறுத்த வேண்டும். ஐந்தாறு நிமிடம் அங்கிருந்து நகர முடியாது. அதே நேரத்தில் எனக்குப் பின்னால், தலையில் அடிபட்டு நான்கு நாட்கள் மயக்க மருந்தில் இருந்துவிட்டு மெல்லத் தெளிந்துகொண்டிருந்த இளைஞர், கையை உயர்த்தித் தன் சுவாசக் குழாயைத் தானே இழுத்து எடுத்துவிட்டார். வென்டிலேட்டர் அலறியது. மூதாட்டியின் பம்ப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். மறுபடியும் குழாய் போட்டு அவரைக் காப்பாற்றினோம். ஆனால் தொண்டை வீங்கியிருந்ததால் அது எளிதாக நடக்கவில்லை, வென்டிலேட்டரிலிருந்து அவர் மீள்வதும் பல நாட்கள் தள்ளிப்போனது. மறுநாள் என் கையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். நிகழ்வு எத்தனை மணிக்கு, பணியில் இருந்த செவிலியர் யார், கைகள் கட்டப்பட்டிருந்தனவா, ஏன் தடுக்க முடியவில்லை என்று அதில் வரிசையாகக் கேள்விகள் இருந்தன. அந்த நேரத்தில் அந்தச் செவிலியரின் பொறுப்பில் எத்தனை நோயாளிகள் இருந்தார்கள் என்ற கேள்வி அந்தப் படிவத்தில் இல்லை. நான் அதை ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். யாராவது படித்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சி.டி. ஸ்கேன் எடுக்கப் போகும் இரவுகளையும் இங்கே சொல்ல வேண்டும். வென்டிலேட்டரில் இருப்பவரை வேறு தளத்துக்குக் கொண்டுபோகும்போது ஆக்சிஜன் சிலிண்டர், கையடக்க மானிட்டர், பம்ப்புகள் எல்லாவற்றோடும் ஒரு செவிலியர் கூடவே போக வேண்டும். போய்வர முக்கால் மணி நேரம் ஆகிறது. அவருடைய மற்ற இரண்டு நோயாளிகளைப் பக்கத்தில் இருப்பவர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டுப் போகிறோம். பக்கத்தில் இருப்பவருக்கு அந்த முக்கால் மணி நேரமும் ஐந்து நோயாளிகள். லிஃப்டுக்காகக் காத்திருக்கும்போது நான் கையில் அமுக்கிக்கொண்டிருக்கும் ஆம்பு பையைப் பார்ப்பதா, மேலே விட்டுவந்த இருவரை நினைப்பதா என்று தெரியாமல் நின்ற இரவுகள் எத்தனையோ.

தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற ஒன்று எப்படிப் பிறந்தது என்பதை உங்களில் மருத்துவர்களாக இருப்பவர்கள் படித்திருப்பீர்கள். 1952-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் போலியோ பரவியபோது, மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகள், அதிலும் குழந்தைகள், நாள்தோறும் பிளெக்டாம் மருத்துவமனைக்கு வந்தபடி இருந்தார்கள். அவர்களுக்கு மூச்சுக் கொடுக்கும் இயந்திரங்கள் மிகச் சிலவே இருந்தன. மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கி நுரையீரலுக்குக் காற்று செலுத்தலாம் என்று செய்து காட்டினார். அமுக்குவதற்கு ஆட்கள் வேண்டும். சுமார் 1,500 மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, ஒரு நோயாளிக்கு ஒருவராகப் படுக்கையருகே உட்கார்ந்து, இரவும் பகலும் மாதக்கணக்கில் அந்தப் பையை அமுக்கினார்கள். அதுவரை பெரும்பாலோர் இறந்துகொண்டிருந்த நோயில் அதன் பிறகு பெரும்பாலோர் பிழைத்தார்கள். அந்த அனுபவத்தை வைத்துத்தான் 1953-ல் இப்சன் இத்தகைய நோயாளிகளுக்கென ஒரு தனிப் பிரிவைத் தொடங்கினார். பையை அமுக்கிய கையின் வேலையை இன்று வென்டிலேட்டர் செய்கிறது. முகம் நீலம் பாய்கிறதா, குழாயில் சளி அடைக்கிறதா, பிள்ளை பயப்படுகிறதா என்று பக்கத்தில் இருந்து பார்த்த அந்த மாணவரின் இடத்தில் இன்று இருக்க வேண்டியவர் செவிலியர்தான். அந்த இடத்தை மூன்றில் ஒரு பங்காக வெட்டிவிட்டு, அதே பெயரில் ஒரு பிரிவை நடத்துகிறோம்.

இது செவிலியர்கள் தங்கள் வசதிக்காகக் கேட்பது என்று யாரும் நினைக்க வேண்டாம். தீவிர சிகிச்சையில் ஒரு படுக்கைக்கு ஒரு செவிலியர் என்பதையும், விடுப்பில் செல்வோருக்கு ஈடாக 30 சதவீதம் பேர் கூடுதலாக வேண்டும் என்பதையும் இந்திய செவிலியர் குழுமத்தின் அளவுகோலே சொல்கிறது. உங்கள் வரவேற்பறையில் சட்டமிட்டு மாட்டியிருக்கும், மருத்துவமனைகளுக்கான தேசிய அங்கீகார வாரியத்தின் (என்.ஏ.பி.எச்.) தரச்சான்றும் வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒருவர், மற்ற தீவிர சிகிச்சை நோயாளிகள் இருவருக்கு ஒருவர் என்பதையே எதிர்பார்க்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1999-ல் சட்டம் இயற்றி, 2004 முதல் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு செவிலியருக்கு இரண்டு நோயாளிகளுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று நடைமுறைப்படுத்தியிருக்கிறது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 300 மருத்துவமனைகளின் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சை நோயாளிகளை ஆராய்ந்து செவிலியர் பணி ஆய்வாளர் லின்டா எய்க்கன் குழுவினர் 2014-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட முடிவு இது: ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, 30 நாட்களுக்குள் நோயாளி இறப்பதற்கான வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. அது பொது வார்டுகளில் பார்த்த கணக்கு. வென்டிலேட்டரில் கிடப்பவருக்கு அது குறைவாக இருக்கும் என்று நம்ப எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

தரச்சான்று ஆய்வு நடக்கும் வாரத்தில் மட்டும் இந்த விகிதம் எப்படியோ சரியாகிவிடுகிறது. மற்ற வார்டுகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், விடுப்பில் போனவர்கள் திரும்ப அழைக்கப்படுகிறார்கள். அந்த ஒரு வாரம் எங்கள் நோயாளிகளுக்கு வாயும் முதுகும் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பார்த்திருக்கிறேன். அதனால்தான் இது முடியாத காரியம் என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கட்டணம் கூடிவிடும், ஏழை எளியவர்களால் தாங்க முடியாது என்று நீங்கள் சொல்லும் பதிலை நான் அறிவேன். அந்தக் கவலை உண்மையானதும்கூட. நகையை அடகு வைத்துவிட்டு வருகிற உறவினர்களின் முகத்தை நாங்கள்தான் பக்கத்தில் பார்க்கிறோம். ஆனால் உங்கள் ரசீதில் தீவிர சிகிச்சைப் பிரிவின் செவிலியர் சேவைக் கட்டணம் என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தொகை ஏற்கெனவே இருக்கிறது. அடுத்தடுத்த மூன்று படுக்கைகளில் இருக்கும் மூன்று குடும்பங்களும் அதைத் தனித்தனியே செலுத்துகின்றன. ஒவ்வொரு குடும்பமும் தன் அப்பாவுக்கென ஒரு செவிலியர் இருக்கிறார் என்று நம்பித்தான் செலுத்துகிறது. மேலும், வாய்ச் சுத்தம் விடுபட்டு வென்டிலேட்டரால் நிமோனியா வந்தவரும், பக்கம் மாற்றாமல் முதுகில் புண் வந்தவரும் எத்தனை நாட்கள் கூடுதலாகப் படுக்கையில் இருக்கிறார்கள், அந்த நாட்களுக்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்பதையும் அதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

கதவுக்கு வெளியே இருப்பவர்களைப் பற்றியும் உங்களிடம் பேச வேண்டும். தாழ்வாரத்தில் பாயை விரித்து, கட்டைப்பையைத் தலைக்கு வைத்து, கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் எழுந்து உட்காரும் அந்த மக்களுக்கு எங்களிடம் ஒரே கேள்விதான்: “சிஸ்டர், கண்ணு முழிச்சாங்களா?” கோயில் திருநீறு, தேவாலயத்து எண்ணெய், தர்காவில் மந்திரித்த கயிறு என்று எதையாவது எங்கள் கையில் கொடுத்து, கொஞ்சம் வைத்துவிடச் சொல்வார்கள். கையைக் கழுவிவிட்டு நெற்றியில் மட்டும் திருநீற்றை இட்டு, “வைச்சுட்டேன்மா” என்று சொன்னால் அந்த அம்மாவின் முகத்தில் ஒரு நொடி அமைதி வரும். மருத்துவர் வந்து நிலைமையைச் சொல்லிவிட்டுப் போன பிறகு, அவர் சொன்னதில் என்ன புரியவில்லை என்று கேட்டு மறுபடியும் எளிய தமிழில் சொல்வதும் எங்கள் வேலை. குடும்பத்தார் நிதானமாக முடிவெடுக்க அந்தப் பத்து நிமிடப் பேச்சு எவ்வளவு முக்கியம் என்பதை அருகிலிருந்து பார்த்தவர்கள் அறிவார்கள். மூன்று வென்டிலேட்டர்களுக்கு நடுவே நிற்கும் ஒருவரால் அந்தப் பத்து நிமிடத்தைத் தர முடிவதில்லை. “டாக்டர்கிட்ட கேளுங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அவர்கள் எங்களைக் கல் நெஞ்சக்காரர்கள் என்று நினைக்கிறார்கள். சில இரவுகளில் அந்தக் கோபம் கைகலப்பு வரை போகிறது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோரைத் தண்டிக்க இந்த மாநிலத்தில் 2008 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. ஆயினும் கதவருகே பேசுவதற்கு ஒருவர் இருந்தால் அந்தச் சட்டத்துக்குப் பல இரவுகளில் வேலையே இருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

இதோடு சேர்த்து ஒரு வேண்டுகோள்: பணம் கட்டச் சொல்லும் வேலையைத் தயவுசெய்து எங்களிடமிருந்து எடுத்துவிடுங்கள். பில்லிங் பிரிவிலிருந்து தொலைபேசி வரும். “நாலாம் நம்பர் பெட் அட்டெண்டரிடம் முன்பணம் கட்டச் சொல்லுங்கள்” என்பார்கள். சற்று முன்பு திருநீறு வாங்கிய அதே கையோடு நான் வெளியே போய் அதைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அந்த மகன் என்னிடம் தன் தாயைப் பற்றி எதையும் மனம்விட்டுக் கேட்பதில்லை. நான் குழாயைச் சரிசெய்தால்கூடச் சந்தேகத்தோடு பார்க்கிறார். அந்த நம்பிக்கை உடைந்தால் சிகிச்சையே உடைகிறது.

மூளைச்சாவு அடைந்தவரைப் பராமரிக்கும் இரவு ஒன்றுக்கே தனியாக ஒரு மடல் எழுதலாம். உறுப்பு தானத்தில் தமிழ்நாடு நாட்டுக்கே வழிகாட்டியாக இருக்கிறது. 2023 செப்டம்பர் முதல் உறுப்பு தானம் செய்தவர்களின் உடலுக்கு அரசு மரியாதை செய்யப்படுகிறது. அந்த மரியாதைக்கு முந்தைய மணி நேரங்கள் எங்கள் கையில் இருக்கின்றன. மூளைச்சாவை உறுதிசெய்ய மருத்துவர் குழு குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதனை செய்கிறது. அதன் பிறகும், உறுப்புகளை எடுக்கும் வரை, இரத்த அழுத்தம் சரியாமல், உடல் குளிர்ந்துபோகாமல், சிறுநீர் கட்டுக்கடங்காமல் வெளியேறுவதை ஈடுகட்டியபடி அந்த உடலைக் காக்க வேண்டும். அவருடைய இதயமும் சிறுநீரகமும் வேறு ஊரில் காத்திருப்பவருக்கு உதவுமா என்பது இந்த இரவில் ஒரு செவிலியர் எத்தனை முறை மானிட்டரைப் பார்க்கிறார் என்பதிலும் இருக்கிறது. அதோடு, வென்டிலேட்டரால் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு, “மூச்சு இருக்கே சிஸ்டர்” என்று சொல்லும் மனைவிக்குப் பதில் சொல்லவும் வேண்டும். இப்படி ஒரு நோயாளி இருக்கும் இரவில் அந்தச் செவிலியருக்கு இன்னொருவரைக் கொடுப்பது இருவருக்கும் செய்யும் அநீதி.

ஒருவர் இறந்த பிறகு, குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒட்டுப்பட்டை இருந்த இடங்களைத் துடைத்து, தலைமுடியை ஒதுக்கி, கண்களை மூடி, தாடையையும் கால் பெருவிரல்களையும் கட்டி, வீட்டார் பார்க்கும்போது முகம் நன்றாக இருக்க வேண்டுமென்று செய்யும் வேலையை எனக்குக் கற்றுத்தந்தவர், என் முதல் இன்சார்ஜ் சிஸ்டர். அதை அவசரமாகச் செய்யக் கூடாது என்று அவர் சொல்வார். இப்போது நாங்கள் கட்டிக்கொண்டிருக்கும்போதே, அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து அடுத்த நோயாளிக்குப் படுக்கை எப்போது தயார் என்று கேட்கிறார்கள். படுக்கை தேவை என்பது எனக்குப் புரிகிறது. வெளியே இன்னொரு உயிர் காத்திருக்கிறது. ஆனால் பத்து நாட்கள் பார்த்துக்கொண்ட ஒருவர் போன பின்பு, ஒரு குவளைத் தண்ணீர் குடித்துவிட்டு வர ஐந்து நிமிடம் கேட்கும் உரிமைகூட எங்கள் இளைய செவிலியர்களுக்கு இல்லை. கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021 மே மாதத்தில் ஒரே இரவில் நான்கு பேரை அப்படி அனுப்பிவைத்தோம். பாதுகாப்பு உடைக்குள் அழுதால் கண்ணாடியில் ஆவி படிந்து சிரிஞ்சின் கோடு தெரியாது என்பதால் நாங்கள் அழுவதைத் தள்ளிப்போட்டோம். அன்று எங்களைத் தெய்வங்கள் என்றார்கள். அந்த இரவுகளில் எங்கள் பொறுப்பில் எத்தனை பேர் இருந்தார்களோ, ஏறக்குறைய அதே எண்ணிக்கைதான் இன்றும் தொடர்கிறது. அது பேரிடர்க் கால ஏற்பாடு என்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

அனுபவமுள்ள செவிலியர்கள் கிடைப்பதில்லை என்பது உங்கள் மற்றொரு பதில். அவர்கள் கிடைக்கிறார்கள்; தங்குவதில்லை. வளைகுடா நாடுகளும் இங்கிலாந்தும் ஜெர்மனியும் கேட்கும் அனுபவத்தைச் சேர்த்துக்கொண்டு, இரவுப் பணி முடிந்த காலையில் ஜெர்மன் மொழி வகுப்புக்குப் போய்ப் படித்துக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் இடத்துக்குக் கல்லூரியை முடித்து மூன்று மாதமேயான பெண் வருகிறார். இரண்டே வாரத்தில் அவருக்கும் மூன்று வென்டிலேட்டர்கள் கொடுக்கப்படுகின்றன. தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியம் பற்றி 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கவலை தெரிவித்து, குழு அமைத்து ஆராயச் சொன்னது. அந்தக் குழு, 200 படுக்கைகளுக்கு மேல் உள்ள மருத்துவமனைகள் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் தர வேண்டும் என்றும், 50 படுக்கைகளுக்குக் குறைந்த இடங்களில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும் பரிந்துரைத்தது. இங்கே அது பரிந்துரையாகவே நின்றுவிட்டது. ஊதியத்தைச் சரிசெய்வதற்குப் பதிலாகச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். வேலையில் சேரும்போது மூலச் சான்றிதழைக் கொடுத்துவிட்டு, விலகும்போது அதைத் திரும்பப் பெற ஒரு மாத ஊதியத்தை இழந்த தோழி எனக்கு உண்டு. நோயாளியின் உயிரை நம்பி ஒப்படைக்கும் ஒருவரிடம், ஓடிவிடுவார் என்று பயந்து சான்றிதழைப் பிடித்துவைக்கும் வழக்கம் இனியாவது நிற்க வேண்டும்.

நான் கேட்பவை பெரியவையல்ல என்றே நம்புகிறேன். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒரு செவிலியர். ஒரே நாளில் முடியாதென்றால் முதலில் இரவுப் பணியில், அதிலும் நார்அட்ரினலின் ஓடும் நோயாளிகளிடமிருந்து தொடங்குங்கள். பணி மாறும் நேரத்தில் இரண்டு தரப்பும் அரை மணி நேரம் சேர்ந்து இருக்கும்படி நேரத்தை வகுத்து, அந்த அரை மணிக்கும் ஊதியம் கொடுங்கள். ஸ்கேனுக்குப் போகவும், திருப்பிப் படுக்க வைக்கவும், எந்தப் படுக்கையும் ஒதுக்கப்படாத ஒரு செவிலியரை ஒவ்வொரு இரவிலும் வைத்திருங்கள். நிகழ்வுப் படிவத்தில், அந்த நேரத்தில் செவிலியரின் பொறுப்பில் எத்தனை நோயாளிகள் இருந்தார்கள் என்ற அந்த ஒரு கேள்வியைச் சேருங்கள்.

அடுத்த மாதப் பட்டியல் இன்னும் சில நாட்களில் உங்கள் மேசைக்கு வரும். கையெழுத்திடுவதற்கு முன்பு தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசி, இன்று எத்தனை வென்டிலேட்டர்கள் ஓடுகின்றன என்று கேளுங்கள். அந்த எண்ணைப் பட்டியலின் ஓரத்தில் எழுதிக்கொண்டு, இரவுக் கட்டத்தில் இருக்கும் பெயர்களை எண்ணிப் பாருங்கள். குறைவாக இருந்தால் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்புங்கள்.

நன்றியுடன்,
இரவுப் பணியில் இருக்கும் ஒரு செவிலியர்